சம்பூர் மணலும் சைக்கிள் சங்கிலியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால், அதன் தென்கரையிலே என்ன இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. கோணேசர் மலையில் நின்று தெற்கே நோக்கினால், கொட்டியாரக் குடாவின் நீலப் பரப்புக்கு அப்பால் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தென்படும். அக்கரையில் மூதூருக்கு வடகிழக்கே, கடலை அண்டிக் கிடக்கும் ஊரே சம்பூர். மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலைச் சேர்வது இக்குடாவிலேதான். 1660ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பலொன்றில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதும் இக்குடாக் கரையிலேதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்து, கால்நடையாகவே தப்பிச் சென்று, 1681இல் அவர் வெளியிட்ட நூலை நம் மாணவர் பலர் பெயரளவிலேனும் அறிவர்.

முற்காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடப்பதே இலகுவான வழி. தரைவழி செல்வோர் ஆற்றுமுகங்களிலே மிதவைகளுக்காகக் காத்துக் கிடந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் நிலைமை மாறியது. 396 மீற்றர் நீளமான அப்பாலத்தைத் துவிச்சக்கர வண்டியிலே கடப்பது தனி இன்பம். அக்காற்றை மோட்டார் வண்டிக்குள் இருப்பவர் அறியார்.

மூதூரிலிருந்து கட்டைபறிச்சான், சேனையூர் ஆகிய ஊர்களைக் கடந்து சம்பூரை அடையலாம். வழியிலே வயல்கள், களப்புகள், பனைகள், பின்னர் மணல். சம்பூருக்கு அடையாளம் பத்திரகாளி அம்மன் கோயில். திருவிழாக் காலத்திலே கொட்டியாரப் பற்று முழுவதிலுமிருந்து மக்கள் அங்கே கூடுவர்.

இவ்வூரின் அண்மைக்காலச் சரித்திரம் துயரமானது. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் இறுதியில் விமானக் குண்டுகளுக்கும் எறிகணைகளுக்கும் அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று தெற்கே நகர்ந்து மட்டக்களப்புவரை சென்றவர் பலர். அவ்வாண்டு செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. நிலக்கரி மின்னிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்குமென நிலம் ஒதுக்கப்பட்டது. உரிமையாளரோ கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரக் கொட்டில்களிலே ஒன்பது ஆண்டுகள் இருந்தனர். 2015இல் ஒரு பகுதியும், கடற்படை முகாம் இருந்த பகுதி 2016இலும் மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக வந்த சூரிய மின்னிலையத்துக்கு 2025 ஏப்பிரலில் அடிக்கல் நாட்டப்பட்டது.

திரும்பி வந்தவரிடம் வீடு இல்லை, கிணறு இடிந்து கிடந்தது, மாடுகள் காடேறியிருந்தன. பெரும்பாலோரிடம் இருந்த ஒரே வாகனம் துவிச்சக்கர வண்டி. விறகும் அதிலே, மீன்பெட்டியும் அதிலே, சீமெந்து மூடையும் அதிலே, பிள்ளையும் அதிலே. இன்று மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் பெருகிவிட்டன. எனினும் 2022இல் நாடெங்கும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தே, மூலையிற் கிடந்த பழைய றலியும் லுமாலாவும் துடைத்தெடுக்கப்பட்டு மீண்டும் தெருவுக்கு வந்தன. அவ்வேளை சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தை வாசகர் மறந்திரார். தட்டுப்பாடு நீங்கிய பின்னும் சம்பூர்ப் பக்கத்திலே அவ்வண்டிகள் மூலைக்குத் திரும்பவில்லை. இளக்கந்தை, பாட்டாளிபுரம் முதலிய தூரத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடாத நாள் பள்ளிக்கூடம் இல்லாத நாளாகவே முடிகிறது.

அச்சைக்கிளுக்குச் சம்பூரில் ஒரு பகைவன் உண்டு. அது மணல்.

பிரதான வீதி செப்பனிடப்பட்டிருக்கிறது. ஒழுங்கைகள் மணலாகவே இருக்கின்றன. இக்குடாவின் மணலிற் பெரும் பங்கு மகாவலி மலைகளிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த படிகக் கல். கண்ணாடியைக் கீறவல்ல பொருள் அது. சாதாரண உருக்கைவிடக் கடினமானது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும்போது, அம்மணலின் நுண்துகள் கண்ணுக்கும் தெரியாமல் எங்கும் புகும். பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியிற்கூட நறநறக்கும். எண்ணெய் பூசிய சைக்கிள் சங்கிலியை அது விட்டுவைக்குமா?

சங்கிலியின் அமைப்பைச் சற்றுக் கவனிப்போம். தினமும் அதன் மீதே ஏறிச் செல்லும் நாம் அதை உற்றுப் பார்ப்பதில்லை. பற்சக்கரத்திலே உருளும் இச்சங்கிலியை 1880இல் மஞ்செஸ்ரர் நகரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் அமைத்தார். ஐந்து ஆண்டுகளின் பின் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பவர் பின்சில்லைச் சங்கிலியால் ஓட்டும் ரோவர் சைக்கிளை வெளியிட்டார். நாம் இன்று ஓட்டும் சைக்கிள் அதன் பேரப்பிள்ளையே. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முளை உண்டு. முளையைச் சூழ ஒரு குழல். குழலைச் சூழ ஓர் உருளை. கண்ணி மடங்கும்போது முளை குழலுக்குள்ளே சிறிது திரும்புகிறது. உராய்வு நிகழும் முக்கிய இடம் அதுதான். ஆகவே எண்ணெய் வேண்டப்படுவது உள்ளே. நாமோ வெளியே ஊற்றுகிறோம். உள்ளே சென்றது சிறிது. வெளியே தங்கியது பெரிது. வெளியே தங்கிய எண்ணெய் மணலைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல உள்ளே கொண்டு செல்கிறது. எண்ணெயும் படிகத் துகளும் சேர்ந்தால் கிடைப்பது, மோட்டார் திருத்துவோர் வால்வு அரைப்பதற்குப் பூசும் பசையின் உடன்பிறப்பு. சம்பூரில் சங்கிலி மினுமினுவென்று கருத்து ஈரமாக இருந்தால், அது நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்று எண்ணற்க. அது அரைபட்டுக் கொண்டிருக்கிறது.

இதற்குச் சான்று வேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓரடி நீள அடிமட்டம் போதும். புதிய சங்கிலியில் ஒரு முளையின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணிவரும் இருபத்துநான்காவது முளையின் நடுவரை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கும். முளைகள் தேயத் தேய அத்தூரம் கூடும். ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் சங்கிலியை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால், பற்சக்கரங்களும் உடன் தேய்ந்து, புதிய சங்கிலி போட்டாலும் அது பல்லில் ஏறித் துள்ளும். சங்கிலி நீள்கிறது என்கிறோம். உண்மையில் உருக்கு இழுபட்டு நீள்வதில்லை. முளையும் குழலும் தேய்ந்து இடம்விடுகின்றன, அவ்வளவே.

சேனையூருக்கும் சம்பூருக்கும் இடையே ஒரு வேப்பமர நிழலிலே சைக்கிள் திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற கச்சான் காலத்தில் அவரது கொட்டிலில் ஓய்வெடுத்தபோது, தூணிலே தொங்கிய பழைய சங்கிலிகளை அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். எட்டில் ஒரு பங்கைத் தாண்டாதது ஒன்றுகூட இல்லை. முதியவர் சிரித்தார்.

“மாஸ்டர், அறுந்தால்தான் இஞ்ச கொண்டு வருவினம். அதுக்கு முந்தி ஆர் அளந்து பார்க்கிறது?”

“எண்ணெய் விடுகிறார்கள்தானே, ஐயா?”

“விடுவினம். எஞ்சினில கழிச்ச ஒயில் விடுவினம், தேங்காயெண்ணெய் விடுவினம். மண் வந்து அப்பும். அப்பினால் இன்னும் கொஞ்சம் விடுவினம்.”

நோயை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். மருந்தைப் பற்றியே எங்களிடையே வாதம் நிகழ்ந்தது. ஏனெனில் நான் ஏறிச் சென்ற வண்டியின் சங்கிலியில் எண்ணெய் இல்லை, மெழுகு இருந்தது. அவர் அதை விரலாலே தடவினார். விரலில் கறை படியவில்லை. வேட்டி உடுத்துச் சைக்கிள் ஓட்டுவோருக்கு இவ்வொன்றே போதிய காரணம் என்பேன். ஆனால் அவருக்குப் போதவில்லை.

மெழுகு புதிய பொருளன்று. தேனெடுத்தபின் எஞ்சும் மெழுகிலே உருவம் வனைந்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவதை வடநூலார் மதுச்சிட்டவிதானம் என்பர். 1950ஆம் ஆண்டில் திருகோணமலையிலே கிணறு வெட்டியபோது வெளிப்பட்ட கோணேசர் கோயில் உலோகத் திருமேனிகள் அம்மரபைச் சேர்ந்தவையே. சங்கிலிக்குப் பூசும் மெழுகோ வேறு. அது மண்ணெண்ணெயையும் பெற்றோலையும்போல மசகெண்ணெயிலிருந்து பிரிந்து வருவது. நாம் ஏற்றும் சாதாரண மெழுகுதிரி பெரும்பாலும் அதுதான். சம்பூருக்கு எதிரே, குடாவின் மறுபுறம் சீனன்குடாவிலே, ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றோடு நின்ற வேறொன்று 1942 ஏப்பிரல் 9ஆந் தேதி யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. எண்ணெயும் மெழுகும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று ஓடித் திரியும், மற்றது இருந்த இடத்தில் இருக்கும்.

இருந்த இடத்தில் இருப்பதே சங்கிலிக்கு வேண்டிய குணம். உருகிய மெழுகு முளைக்கும் குழலுக்கும் இடையே புகுந்து இறுகினால், அங்கேயே வழுக்கும் படையாக நிற்கும். வெளிப்புறம் உலர்ந்திருப்பதால் மணல் ஒட்டாது, ஒட்டினாலும் உதிர்ந்துவிடும். ஐரோப்பியப் பந்தயக்காரர் பலர் அண்மைக் காலத்தில் எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறியிருக்கின்றனர். உராய்வு குறைவது அவர்களுக்குக் காரணம். உலர் மசகை அவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டா. 1890களிலேயே காரீயத் தூளைக் கொழுப்புடன் சேர்த்துச் சங்கிலிக்குத் தேய்த்தனர். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு மிகுதியாகக் காரீயம் அனுப்பிய நாடுகளில் இலங்கை முன்னணியில் நின்றது. போகலை, ககட்டகக சுரங்கங்களின் கரி, இலண்டன் தெருக்களிலே யாரோ ஒருவரின் சைக்கிளை உருட்டியிருக்கக் கூடும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கொரு சந்தோஷம். ஒல்லாந்தர் வேறொரு வழி சென்றனர். அவர்கள் சங்கிலியை முழுவதும் பெட்டிக்குள் மூடிவிட்டனர். நம் பழைய றலி வண்டிகள் சிலவற்றிலும் அத்தகைய முழு மூடி உண்டு. அது கடகடவென்று சத்தமிடுகிறதென்று கழற்றி எறிந்தவர் நம்மவரே.

மெழுகிடும் முறையைச் சொல்கிறேன். கியர் இல்லாத சாதாரண வண்டியின் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் மீன் வடிவக் கிளிப்பால் பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் சங்கிலி கையோடு வரும். முதலில் மண்ணெண்ணெயிலே பலமுறை கழுவவேண்டும். கழுவிய மண்ணெண்ணெய் கறுக்காமல் தெளிவாக இருக்கும்வரை விடலாகாது. எண்ணெய் எஞ்சியிருந்தால் மெழுகு பிடிக்காது. பின் நன்றாக உலரவிட வேண்டும். மண்ணெண்ணெய் ஈரத்தோடு அடுப்பருகே கொண்டுபோதல் பெரும் அபாயம். மெழுகை ஒரு தகரப் பேணியிலிட்டு, அப்பேணியைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குக. நேரே அடுப்பில் வைத்தால் மெழுகு மிகையாகச் சூடேறித் தீப்பற்றும். நீருக்குள் வைத்தால் நூறு பாகைக்கு மேல் சூடேறாது. மெழுகு உருக அறுபது பாகை அளவே போதும். சங்கிலியை உள்ளே இட்டதும் குமிழிகள் எழும். முளைகளுக்குள் அடைபட்ட காற்று வெளியேறி மெழுகு உட்செல்வதன் அடையாளம் அது. குமிழிகள் அடங்கி, மெழுகும் சற்று ஆறிய பின் தூக்கித் தொங்கவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தூக்கினால் உள்ளே சென்றதும் வழிந்துவிடும். இறுகிய சங்கிலி தடிபோல் விறைத்து நிற்கும். கையால் ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கிப் பூட்டுக. கிளிப்பைப் பூட்டும்போது அதன் மூடிய தலை சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். பிளந்த வால் பின்னே நிற்க வேண்டும். மாறிப் பூட்டினால் எதிலாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நன்று.

முதியவர் முழுவதையும் பொறுமையோடு கேட்டார். பின்பு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“உப்புக் காத்துக்கு என்ன செய்வியள்? எண்ணெய் துருவை மறிக்கும். உங்கட மெழுகு மறிக்குமோ?”

நியாயமான கேள்வி. மெழுகு எண்ணெயைப்போலப் பரவிச் சென்று கீறலை மூடாது. ஓரிடத்தில் உரிந்தால் உரிந்ததுதான். அங்கே துருப் பிடிக்கும். மழையிலே ஓடிய வண்டியின் மெழுகுச் சங்கிலியை அன்றே துடைத்து உலர்த்தாவிட்டால், மறுநாள் காலையில் அது செம்மண் நிறம் காட்டும். கடலுக்கு அருகே இது இன்னும் விரைவு.

“இதுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எண்ணெய் விட ஒரு நிமிஷம். கூலிக்குப் போறவனுக்கு ஒரு மணித்தியாலம் ஆர் குடுப்பினம்?”

இதுவும் நியாயமே. மெழுகிட்ட சங்கிலி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தாங்கும் என்பது மெழுகிடுவோர் பொதுவாகக் கூறும் கணக்கு. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீற்றர் பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைக்கு அது ஒரு மாதம். மீன்பெட்டியோடு ஊரூராகத் திரிபவருக்கு ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிடும். மெழுகுதிரியும் சும்மா கிடைப்பதில்லை. சங்கிலி மூழ்கும் அளவுக்கு ஒரு கட்டு வேண்டும்.

அங்கே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், காட்டுத் தேன்மெழுகு ஆகாதா என்று கேட்டார். சந்தோசபுரம், நல்லூர், பாட்டாளிபுரம் முதலிய பக்கங்களில் வாழும் கரையோர வேடர் பரம்பரையினர் தேனெடுப்பதில் வல்லவர். ஆகவே கேள்வி இடத்துக்குப் பொருத்தமானது. ஆனால் தேன்மெழுகு நம் வெயிலிலே இளகி ஒட்டும் தன்மை உடையது. ஒட்டினால் மணல் பிடிக்கும். எண்ணெயை விட்டதில் பயனில்லாமற் போகும். தைக்கும் நூலுக்கும் தச்சருடைய வாளுக்கும் அது நல்லது. சங்கிலிக்கு வெள்ளை மெழுகுதிரியே மேல்.

ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொருவரும் வீட்டில் அடுப்பு மூட்டுவதற்குப் பதிலாக, கொட்டிலிலேயே ஒரு பேணி மெழுகு வைத்திருந்தால், ஒரு சூட்டில் ஐந்தாறு சங்கிலி தோய்க்கலாம். மெழுகும் பல முறைக்கு வரும். சமையல் வாயுச் சிலிண்டரை மாற்றிக் கொள்வதுபோல், பழையதைத் தந்து தோய்த்ததைக் கொண்டு போகலாமே என்றேன்.

முதியவர் தலையசைத்து மறுத்தார். “அது சரிவராது மாஸ்டர். சங்கிலியும் பல்லும் புருஷன் பெண்சாதி மாதிரி. ஒண்டோட ஒண்டு தேஞ்சது. ஆளை மாத்தினால் துள்ளும்.”

தொழிலறிந்தவரின் பேச்சு அது. தேய்ந்த சங்கிலி தன் பற்சக்கரத்தோடு மட்டுமே பொருந்தும். ஆகவே மாற்றும் திட்டத்தை அப்போதே கைவிட்டேன். அதற்குப் பதிலாக அவரே ஒன்று சொன்னார்: பள்ளிக்கூடச் சைக்கிள்கள் சனி, ஞாயிறிலே சும்மா நிற்கின்றன, சனிக்கிழமை காலையில் தந்து பின்னேரம் எடுத்துப் போகலாம், யாருடையது யாருடையதென்று தெரிய ஆளுக்கொரு நிற நூலைக் கட்டிவிடலாம். நூலை எந்தக் கண்ணியில் கட்டுவது, அது மெழுகுச் சூட்டைத் தாங்குமா என்று பின்னர் நெடுநேரம் பேசினோம். கம்பித் துண்டு கட்டுவதென்று முடிவாயிற்று.

காலத்தைப் பற்றியும் இருவரும் ஒன்றுபட்டோம். மெழுகு கச்சான் காலத்துக்கு உரியது. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை இறங்கினால் மணல் படிந்துவிடும், பறவாது. அப்போது எதிரி துருவே. மார்கழி, தை வரை எண்ணெய்தான். அதுவும் கழித்த ஒயில் அன்று. அதில் எஞ்சினின் இரும்புத் தூள் கலந்திருக்கும். தையல் மெசின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம் இட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, சிறிது நேரம் ஊறவிட்டு, வெளிப்புறத்தைப் பழந்துணியால் உலரத் துடைத்துவிட வேண்டும். துடைக்கும் இந்தக் கடைசி வேலையைத்தான் யாரும் செய்வதில்லை என்று முதியவர் மூன்று முறை சொன்னார்.

இளக்கந்தைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் வண்டிக்கு அன்றே புதுச் சங்கிலி பூட்டவேண்டியிருந்தது. அதற்கு முந்திய வாரம் பழையது அறுந்து, மூன்று நாள் அவள் பாடசாலைக்குப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சை அண்மித்திருந்தது. கடையிலிருந்து வரும் புதுச் சங்கிலியிலும் பசைபோன்ற எண்ணெய் பூசியிருப்பர். அதைக் கழுவி, மெழுகிட்டு, பின்சில்லின் பற்சக்கரத்தையும் புதிதாகப் போட்டு அனுப்பினோம். அவளுடைய தகப்பனார் விறைத்து நின்ற சங்கிலியைப் பார்த்து, “இது ஓடுமோ?” என்று சந்தேகத்தோடு கேட்டார். ஓட்டிப் பார்த்ததும் முதலில் சிறிது நறநறத்தது. கோயில் வரை போய்த் திரும்புவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது.

புரட்டாதியில் மீண்டும் அவ்வழி சென்றபோது அவளது சங்கிலியை அடிமட்டத்தால் அளந்தோம். இடையே மூன்று முறை மெழுகிட்டிருந்தனர். 12 அங்குலத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. வெளித் தகடுகளின் ஓரத்தில் மட்டும் துருப் புள்ளிகள் சில இருந்தன. முதியவர் அவற்றை நகத்தாற் சுரண்டி எனக்குக் காட்டத் தவறவில்லை. மெழுகுப் பேணி, கொட்டிலின் தூணிலே, எண்ணெய்க் குடுவைக்குப் பக்கத்தில் கம்பியிலே தொங்கிக் கொண்டிருந்தது. அன்று சனிக்கிழமை, கம்பித் துண்டு கட்டிய நான்கு சங்கிலிகள் வேப்பங் கிளையில் ஆறிக் கொண்டிருந்தன.